வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்: வைட்டமின் டி 60,000 மாத்திரை

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்தது. டாக்டர் 60,000 யூனிட் மாத்திரை எழுதியிருக்கிறார். சீக்கிரம் ஏறட்டும் என்று தினமும் போடலாமா? எத்தனை நாள் போட வேண்டும்?

தினமும் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நான் சேலத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். இந்த மாத்திரை வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இதே சந்தேகம்தான். அம்மாபேட்டையிலிருந்து வரும் ஒரு பாட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நாலே நாலுதான் இருக்குது, மாசத்துக்கு இது எப்படிப் போதும், இன்னும் ஆறு அட்டை குடு" என்றார். "அந்த நாலுதாங்கம்மா மாசம் முழுக்க, ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு" என்று சொல்லி, அட்டையின் பின்பக்கம் பேனாவால் 'ஞாயிறு' என்று எழுதிக் கொடுத்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரஷர், சுகர் மாத்திரையெல்லாம் தினமும் போட்டுப் பழகிய கை, இதையும் காலையில் அந்த வரிசையில் சேர்த்துத்தான் எடுக்கும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 800. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து எடுத்தாலும் பாதுகாப்பு என்று சொல்லப்படும் உச்ச அளவு 4,000. உங்கள் மாத்திரை 60,000, அதாவது அந்த உச்சத்தைப் போல 15 மடங்கு. வாரத்துக்கு ஒன்று போட்டாலே சராசரியாக ஒரு நாளைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் வந்துவிடும், அதனால்தான் பொதுவாக 8 வாரம் போட்டுவிட்டு நிறுத்தச் சொல்கிறார்கள். தினமும் போட்டால் அந்த 8 வாரத்துச் சரக்கு 8 நாளில் உள்ளே போய்விடும்.

போனால் என்ன, அதிகமானது சிறுநீரில் வெளியேறிவிடாதா என்று கேட்பார்கள். பி காம்ப்ளெக்ஸ் அப்படிப் போகும், டி போகாது. இது கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு என்று ஆரம்பித்து சிறுநீரகத்தில் கல், சிறுநீரகப் பழுது வரைக்கும் போகலாம். நம்ம ஊர் வெயிலில் தாகம் எடுத்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வெயில் என்பார்கள், இல்லாவிட்டால் சுகர் என்பார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் இது இறங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

சிலர் டாக்டரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், காசநோய் இருப்பவர்கள், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்கள். அப்புறம் பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை எடுப்பவர்கள்; இவை தம் பங்குக்குக் கால்சியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். டெல்மிசார்டான் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கலவைதான். தனியாக கால்சியம் மாத்திரை போடுகிறீர்களா? பெரும்பாலும் அதிலேயே டி சேர்ந்திருக்கும், அட்டையில் பார்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். எண்ணெய், நெய், பால், முட்டை என்று கொஞ்சம் கொழுப்பு வயிற்றில் இருந்தால் நன்றாக உறிஞ்சப்படும். ஒரு வாரம் மறந்துவிட்டால் நினைவு வந்த அன்றைக்கு ஒன்று, அவ்வளவுதான், இரண்டாகப் போட வேண்டாம்.

'இவ்வளவு வெயிலில் எனக்கு எப்படிக் குறைந்தது' என்று நினைப்பீர்கள். தோலில் டி உண்டாவதற்கான கதிர் சுமார் பத்து, பத்தரை மணிக்கு மேல் மூன்று மணிக்குள் தான் நன்றாக விழும், சேலத்தில் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து உள்ளே ஒதுங்குவதும் அதே நேரம்தான். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைக்குள் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவர், ஏசி ஆபீஸில் கண்ணாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர், மூவருக்கும் அது கிடைக்காது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஏற்காட்டிலும் பனிமூட்டமும் ஸ்வெட்டருமாக இருக்கும் மாதங்களில் இதே கதைதான். காலை ஆறரை மணி வாக்கிங் உடம்புக்கு நல்லது, ஆனால் டிக்கு அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, வெயிலில் நின்று யாருக்கும் டி அளவு மிஞ்சாது, அதிகமானதைத் தோலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தத் தடுப்பு இல்லை.

ஒரே ஊசியாக ஆறு லட்சம் யூனிட் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்று கேட்டு வருபவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பலப்படும் என்றுதான் கொடுத்தது, கடைசியில் மருந்து எடுத்தவர்கள்தான் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்குத்தான் அதிகம். டாக்டர் அவசியம் என்று சொன்னாலொழிய நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

8 வாரம் முடிந்ததும் நீங்களாக அடுத்த அட்டை வாங்காமல் டாக்டரைப் பாருங்கள். எப்போது மறுபடி டெஸ்ட், மாதம் ஒன்றா, தினமும் சின்ன அளவா, அவர் சொல்லட்டும். உங்கள் சீட்டை வைத்து மூட்டுவலி என்கிற மாமியாருக்கும் சேர்த்து வாங்காதீர்கள், அவருக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று. குழந்தைக்குத் தினமும் கொடுப்பது 400 யூனிட் சொட்டு மருந்து. பெரியவர்களுக்கான 60,000 யூனிட் திரவமாகவும் வருகிறது, 5 மில்லி குட்டிப் பாட்டில், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒரே தட்டில் வைக்காதீர்கள்.