படிச்சதெல்லாம் மறந்துபோகுதே, டீச்சர்!

கேள்வி: டீச்சர், நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறேன். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பாடத்தை நாலு தடவை வாசித்துவிட்டுத்தான் போனேன். வைக்கம் சத்தியாகிரகம் கேள்வியைப் பார்த்ததும் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. மணி அடித்து வெளியே வந்ததும் எல்லாம் வருகிறது! மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பயமாக இருக்கிறது. ஞாபகசக்தி டானிக் வாங்கட்டுமா என்று அம்மா கேட்கிறார்.
- ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கண்ணு, வெளியே வந்ததும் ஞாபகம் வந்தது என்றால் படித்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது. பதற்றம் கூடும்போது உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அந்த நேரத்தில் ஞாபகத்தைத் தேடி எடுக்க மூளை தடுமாறும். எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்படாதே.

எனக்குக் கவலை உன் ‘நாலு தடவை வாசித்தேன்’ மேல்தான். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகாவில் நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் பாதிப்பேர் இப்படித்தான் படிப்பார்கள். வாசிக்க வாசிக்கப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும், பாடம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டால் முழிப்பார்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 61 சதவீதம்.

அதனால் இன்றைக்கே வைக்கத்தை எடுத்துக்கொள். ஒருமுறை வாசி, புத்தகத்தை மூடு. வெள்ளைத் தாளில் 1924 என்று எழுதி, தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் போடு: கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை, போராட்டத்தை முன்னெடுத்த டி.கே. மாதவன், ஈரோட்டிலிருந்து வந்து சிறைக்குப் போன பெரியார், 1925 மார்ச்சில் வந்த காந்தி. பிறகு முன்னும் பின்னும் போ. 1921 மலபார் கலகம், 1930 பய்யனூர் உப்பு சத்தியாகிரகம், 1931 குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டம். விட்டதை மட்டும் புத்தகம் திறந்து பார். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை வெறுந்தாளில் எழுது. கஷ்டமாகத்தான் இருக்கும், கை நின்று நின்று போகும். அப்படி முக்கி முக்கி எடுப்பதுதான் படிப்பு.

இனி ஹாலில். நம்ம கேரளாவில் எழுத ஆரம்பிக்கும் முன்னே கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிஷம் கூல் ஆஃப் டைம் தருகிறார்களே, பிள்ளைகள் அதைச் சும்மா கழித்துவிடுகிறார்கள். கேள்வித்தாளை முழுக்க வாசித்து, நன்றாகத் தெரிந்த கேள்வியைத் தேர்ந்துவை. முதலில் அதை எழுது. கை ஓட ஆரம்பித்தால் பதற்றம் தானாக இறங்கும். நடுவில் வருஷம் வரவில்லையா? இடம் விட்டுவிட்டு மேலே போ. பெரியார் பெயரை எழுதும்போதே 1924 வந்து நிற்கும். அப்படியும் வராவிட்டால் பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக நாலைந்து முறை விடு.

டானிக் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். அந்தக் காசுக்கு ரஃப் நோட்டு வாங்கித் தரட்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிடுங்கள். படித்தது மனசில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். காலையில் கிளம்பும்போது வாசலில் வைத்து யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.