பதினான்காம் லூயியின் மேடைக்கு டூட்டூ வேண்டாம்

கேள்வி: எங்கள் கல்லூரியின் பிரெஞ்சு மன்றம் ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போடுகிறது. அதில் பதினான்காம் லூயி மன்னரின் அரசவையில் பாலே நடப்பதுபோல் பத்து நிமிடக் காட்சி வருகிறது. எட்டுப் பெண்கள், நான்கு பையன்கள் ஆடுகிறார்கள். வாடகைக் கடைக்காரர் பெண்களுக்கு வெள்ளை டூட்டூவும் (விரிந்து நிற்கும் பாலே பாவாடை) பாயிண்ட் ஷூவும் (விரல் நுனியில் நின்று ஆடும் காலணி), பையன்களுக்கு வெள்ளை விக்கும் தருவதாகச் சொல்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

டூட்டூவுக்கு முன்னோடியான மணி வடிவ வெள்ளைப் பாவாடை புகழ் பெற்றது 1832-இல், மரீ தாலியோனி பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ ஆடியபோது. விரல் நுனியில் நின்று ஆடுவதை ஒரு வித்தையாக இல்லாமல் கலையாக மாற்றியவரும் அவர்தான். லூயி இறந்தது 1715-இல். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வெள்ளைப் பவுடர் பூசிய விக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஆக, கடைக்காரர் உங்களுக்குக் கொடுப்பது மூன்று காலங்களின் கலவை சாதம்.

துணி எடுக்கப் போகும் முன் ஆண்டை முடிவு செய்யுங்கள். ‘லூயி காலம்’ என்று பொதுவாகச் சொன்னால் தையல்காரருக்கு ஒன்றும் புரியாது. அவர் அரியணையில் இருந்தது 72 ஆண்டுகள், அதற்குள் உடை பலமுறை மாறிவிட்டது. லூயி மேடையேறி ஆடியது 1651 முதல் ஏறக்குறைய 1670 வரைதான். என்னைக் கேட்டால் 1653-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

அரசவை பாலே அதற்கும் முந்தையது. இத்தாலியிலிருந்து மருமகளாக வந்த கேத்தரீன் தெ மெதிசி அரசவையில் செல்வாக்கோடு இருந்த காலத்தில் அது பிரான்ஸில் வேர் பிடித்தது. 1581 அக்டோபர் 15 அன்று பாரிஸின் பெத்தி-பூர்போன் மண்டபத்தில், ஒரு பிரபுவின் திருமணத்தையொட்டி ‘பாலே கோமிக் தெ லா ரேன்’ நடந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரை வரை போனது. அரசி லூயீஸே வெள்ளிச் சரிகைத் துணி உடுத்தி, நீர்த்தேவதையாக வேடமிட்டு ஒரு நீரூற்றுத் தேரில் வந்து இறங்கினார். கூத்தைக் கட்டியமைத்தவர் பால்தசார் தெ பொஜ்வாயே. பெயர்தான் பிரெஞ்சு, ஆள் இத்தாலிய வயலின்காரர்.

அந்த மண்டபத்தில் உயர்ந்த மேடை கிடையாது. நடுத்தரையில் ஆடினார்கள். மூன்று பக்கமும் மாடங்களில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தார்கள். அதனால் காலைத் தூக்குவதைவிட, ஆடுகிறவர்கள் சேர்ந்து தரையில் போடும் வட்டமும் சதுரமும் முக்கோணமும்தான் முக்கியம். நம் கோலத்தை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி. உங்கள் பிள்ளைகளில் பாலே பயின்றவர் யாரும் இல்லையென்றால் இது நல்ல செய்தி. நிமிர்ந்த முதுகு, லேசாக வெளிப்பக்கம் திரும்பிய பாதம், தரையை ஒட்டிய நடை, சுத்தமான வரிசை. இவ்வளவு போதும்.

இப்போது 1653. லூயிக்குப் பத்து வயது இருக்கும்போது பிரபுக்களும் பாரிஸ் நீதிமன்றத்தாரும் கலகம் செய்தார்கள். ‘ஃப்ராந்து’ என்று பெயர். 1649 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் சிறுவனான மன்னரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பாரிஸை விட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. கலகம் அடங்கி அவர் நகருக்கு வெற்றியோடு திரும்பியது 1652 அக்டோபரில். கலகத்தால் விலகிப் போயிருந்த மந்திரி மசாரன் 1653 பிப்ரவரி 3 அன்று திரும்பினார். இருபதே நாளில், பிப்ரவரி 23 அன்று, அதே பெத்தி-பூர்போனில் ‘பாலே தெ லா நுயி’, அதாவது ‘இரவின் பாலே’. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு காட்சிகள். பிச்சைக்காரர்கள், திருடர்கள், சூனியக்காரிகளின் கூட்டம், தீப்பிடித்த வீடு என்று இரவின் குழப்பமெல்லாம் வந்து போன பிறகு, கடைசியில் பதினான்கு வயது மன்னர் உதய சூரியனாக வந்தார். யாருக்குச் சேதி சொல்கிறார் என்பது சபையில் இருந்த எல்லோருக்கும் புரிந்திருக்கும். ‘சூரிய மன்னர்’ என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டதில் இந்த ஒரு வேடத்துக்குப் பெரிய பங்குண்டு.

நாடகக்காரர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பிச்சைக்காரர், திருடர் வேடங்களுக்குச் செலவே இல்லை. பணத்தை எல்லாம் சூரியன் மேல் கொட்டுங்கள்.

அந்தச் சூரிய உடையின் ஓவியம் பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், அச்செடுத்துத் தையல்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். உடம்போடு ஒட்டிய, ரோமானியக் கவசம்போல் விறைப்பான மேல்சட்டை. இடுப்பிலிருந்து விரிந்து முழங்காலுக்கு மேலேயே நிற்கும் குட்டைப் பாவாடை. ஆமாம், பாவாடைதான். இதுவே பிறகு கம்பியோ விறைப்புத் துணியோ வைத்து ‘தொன்லே’ என்ற பெயரில் மேடை நாயகர்களின் சீருடையாயிற்று. நெஞ்சில் சூரிய முகம். தோள், மணிக்கட்டு, முழங்கால், காலணி என்று எங்கும் தங்கக் கதிர்கள். தலையில் கதிர்க் கிரீடம், அதன்மேல் குவியலாக இறகுகள். கதிர்களை ஃபோம் ஷீட்டில் வெட்டித் தங்க நிறத் துணி ஒட்டினால் எடை இருக்காது. ஜரிகைத் துணி வாங்கும்போது மாங்காய் டிசைன் வேண்டாம். பூக்கொடி இருக்கலாம். அப்போது எல்லாம் மெழுகுவத்தி வெளிச்சம்தான், அதில் மின்னத்தான் இவ்வளவு சரிகை. நீங்கள் வெள்ளை எல்இடி போட்டால் பொம்மைக்கடைபோல் இருக்கும். மஞ்சள் கலந்த விளக்கு கேளுங்கள்.

பையனுக்குக் குட்டைப் பாவாடை போட்டால் அரங்கம் சிரிக்குமோ என்று தயங்க வேண்டாம். அன்றைய ரசனையில் காட்ட வேண்டிய கால் ஆணின் கால்தான். பட்டுக் காலுறையில் கெண்டைக்கால் எடுப்பாகத் தெரியவேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்பதில் அந்த அழகு தெரியும். பெண்ணின் காலோ தரைவரை மூடியிருந்தது. பாவாடையை உயர்த்திக் கணுக்காலும் பாதமும் தெரிய ஆடி, மரீ கமார்கோ என்ற ஆட்டக்காரி பேசப்பட்டது 1726-க்கு அப்புறம்தான்.

எட்டுப் பெண்களை என்ன செய்வது? அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஆண்களே, பெண் வேடத்தையும் அநேகமாக அவர்களே கட்டினார்கள். பாரிஸ் ஆப்பரா மேடையில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் முதன்முதலாக ஆடியது 1681-இல். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். நான்கு பெண்களுக்கு ஆண் வேடமே கொடுத்து, மீதி நால்வரைப் பிரபுகுலச் சீமாட்டிகளாக்குங்கள். அவர்களுக்கு எலும்புக்குச்சி வைத்துத் தைத்த இறுக்கமான மேலங்கி, தோளோடு தோளாகப் போகும் அகலக் கழுத்து, முழங்கைவரை உப்பிய கை, தரை தொடும் பாவாடை. உள்ளே வளையம் வேண்டாம். பழைய வளையப் பாவாடை அப்போது பிரான்ஸில் வழக்கொழிந்துவிட்டது, ‘பனியே’ என்ற அடுத்த வளையம் வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். கடையில் ‘பிரின்சஸ் கவுன்’ என்று நீட்டுவார்கள், வாங்காதீர்கள்.

விக் வேண்டாம். பையன்களுக்குத் தோள்வரை சுருள்முடி இருந்தால் சரி. காலணிக்குச் சதுர மூக்கும் சிறு ஹீலும் ரிப்பன் பூவும் வேண்டும். சிவப்பு ஹீல் லூயியின் அடையாளம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது அவருடைய பிற்கால மோகம், 1653-க்குப் பொருந்தாது.

முகமூடி விஷயத்தில் மட்டும் வரலாற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அன்று தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது சாதாரணம். ‘முகபாவமே தெரியவில்லை’ என்று நடன அமைப்பாளர் நொவேர் 1760-இல் எழுதிச் சண்டை போட்ட பிறகும் ஆப்பராவில் அது 1770-கள்வரை நீடித்தது. ஆனால் ஒருமுறை ஒத்திகையில் நான் முழு முகமூடி போடவைத்த பையன் நேராக நடந்து விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். சூனியக்காரிகளுக்கு மட்டும் பாதி முகமூடி போடுங்கள்.

இசைக்கு மினுவே என்ற நடன இசையைத் தேடாதீர்கள், அது 1660-களில்தான் அரசவையில் கொடிகட்டிப் பறந்தது. கூராந்து, சாரபாந்து என்ற நடன இசைகளைத் தேடி வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் பதிவாக எடுங்கள்.

கடைசியாக, சூரியனின் இறகுக் கிரீடம் தைக்கக் கொடுப்பதற்கு முன் உங்கள் அரங்கின் பக்கவாட்டுக் கதவு உயரத்தை அளந்துவிடுங்கள். மன்னர் குனிந்துகொண்டு உதயமாகக் கூடாது.