பைத்தானில் கேமரா படம் ஒவ்வொன்றும் சேமிக்கப்பட்டதும் லைட் மின்ன வைப்பது எப்படி?

கேட்டவர் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருக்கிறார். பெட்டி வாசலில் தேனீக்கள் போய் வருவதை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, யூஎஸ்பி கேமரா, படங்களைக் கையாளும் பைத்தான் நூலகமான ஓப்பன்சிவி கொண்டு அரை நிமிடத்துக்கு ஒரு படமாக பென்டிரைவில் சேமிக்கிறார். படம் விழும்போதெல்லாம் ஒரு லைட்டோ சத்தமோ வேண்டும். படத்தைச் சேமிக்கும் ஓப்பன்சிவி கட்டளையான இம்ரைட் (imwrite) வரிக்கு அடுத்த வரியில் எல்ஈடியை எரிய விட்டால் போதுமா என்பது கேள்வி.

போதாது. அப்படி எழுதினால், சேமிக்கச் சொல்லியாச்சு என்பதைத்தான் அந்த லைட் காட்டும். சேமித்தாச்சா என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டிலும் மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகள் உண்டு. தினமும் போய்ப் பார்க்கிறவர் மாமா. "லைட்டு மின்னிச்சுல்லா மக்கா, படம் விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நடந்துவிடுவார். அவர் ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை, அந்த மின்னலை நம்பித்தான் போகிறார். இங்கே தேன் வரத்தே ரப்பர் தளிர்க்கும் தை, மாசியை ஒட்டித்தான். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. அந்தச் சில வாரங்களின் படம் போனால், அடுத்த வருஷம்தான்.

இம்ரைட்டில் ஒரு பொல்லாத குணம் உண்டு. சேமிக்க வேண்டிய ஃபோல்டரே இல்லாவிட்டாலும் அது பிழை எழுப்பி நிரலை நிறுத்தாது. ஃபால்ஸ், அதாவது சேமிக்கவில்லை, என்று திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்தப் பதிலை இஃப் போட்டுப் பார்க்காமல் லைட்டை எரித்தால், ஒரு படம்கூட இல்லாமல் நாள் முழுக்க மின்னும்.

ட்ரூ வந்தாலும் நிம்மதி கிடையாது. படம் அந்த நேரத்தில் லினக்ஸின் நினைவகத்தில் மட்டும் இருக்கலாம், பென்டிரைவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரு ரப்பர் கொம்பு ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போச்சு. அதனால் நான் இம்ரைட்டை விட்டுவிட்டு இம்என்கோடைப் (imencode) பயன்படுத்துகிறேன். அது படத்தை ஜேபெக் பைட்டுகளாகக் கையில் தரும். கோப்பை 'எக்ஸ்பி' (xb) முறையில் திறந்து அந்த பைட்டுகளை எழுதி, பைத்தானிடம் தேங்கியதை லினக்ஸிடம் தள்ள ஃப்ளஷ் கொடுத்து, பிறகு லினக்ஸ் அதை பென்டிரைவில் எழுதி முடிக்க ஓஎஸ்.எஃப்சிங்க் (os.fsync) கொடுக்க வேண்டும். அது பிழையில்லாமல் திரும்பிய பிறகுதான் லைட். அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் எஃப்சிங்கின் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நொடிக்குப் பல படம் எடுக்கிறவர்கள் மட்டும் எழுதும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ஓட்டத்துக்கு, க்யூ என்ற வரிசை வழியாகக் கொடுங்கள். அப்போதும் லைட் அந்த த்ரெட்டின் கையில்தான் இருக்க வேண்டும்.

'எக்ஸ்பி' ஏன்? அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அது எழுத மறுத்துப் பிழை எழுப்பும். நேரத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறவர்களுக்கு இது அவசியம். பை 4 வரையிலான போர்டுகளில் கடிகாரச் சில்லு கிடையாது. இணையம் இல்லாத தோட்டத்தில் கரண்ட் போய் வந்தால் நேரம் பின்னுக்குப் போய்விடும், பழைய படத்தின் மேலேயே புதுப் படம் எழுதப்படலாம். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

பென்டிரைவில் இன்னொன்றும் கவனியுங்கள். மவுண்ட் செய்ய, அதாவது டிரைவை ஒரு ஃபோல்டரோடு இணைக்க, நீங்களே ஒரு ஃபோல்டர் உண்டாக்கியிருந்தால், டிரைவ் கழன்றாலும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும். படம் மெமரி கார்டுக்குள் போகும், எல்லாம் சரி என்றே பதில் வரும், கார்டு மெல்ல நிரம்பும். எழுதும் முன் டிரைவ் இணைந்திருக்கிறதா என்று ஓஎஸ்.பாத்.இஸ்மவுண்ட் (os.path.ismount) வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் விழுந்தால் மட்டும் போதாது, அது இப்போதைய படமாகவும் இருக்க வேண்டும். லினக்ஸில் ஓப்பன்சிவி கேமராவிடமிருந்து வந்த 4 ஃப்ரேமை வழக்கமாகப் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும். அரை நிமிடம் கழித்து ஃப்ரேம் எடுக்கும் ரீட் (read) கேட்டால், போன படத்தை எடுத்த கையோடு பஃபரில் சேர்ந்த பழைய ஃப்ரேம்தான் வரும். கிராப் (grab) நாலைந்து தரம் கூப்பிட்டுப் பழைய ஃப்ரேம்களைத் தள்ளிவிட்டுப் பிறகு ரீட் செய்யுங்கள். ரீட் தரும் முதல் மதிப்பு ஃபால்ஸ் என்றால் கேமரா ஒயரைப் பாருங்கள்.

லைட்டா சத்தமா என்றால், லைட்தான், அதுவும் சிவப்பு. தேனீக்கு நீலம், பச்சை, புற ஊதா தெரியும். சிவப்பு ஏறக்குறைய இருட்டு. பஸரை மட்டும் பெட்டியில் திருகி வைத்துவிடாதீர்கள், மரத்தில் பரவும் அதிர்வு கூட்டுக்குள் வரை போகும். பை போர்டின் ஜிபிஐஓ 17, அதாவது 11ஆவது பின்னில் 330 ஓம் ரெசிஸ்டரோடு எல்ஈடியை இணைத்தால் 4 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும், அது போதும். அந்தப் பின்களை இயக்கும் பைத்தான் நூலகமான ஜிபிஐஓஸீரோவின் பிளிங்க் பின்னணியில் தானாக ஓடுவதால் படம் எடுப்பது தடைபடாது.

சேமித்ததற்கு ஒரே ஒரு மின்னல். தவறியதற்கு வேகமாக மூன்று. எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் லைட் வேண்டாம். ஸ்கிரிப்ட் சிக்கி நின்றாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். லாக் கோப்பில் பிரிண்ட் செய்கிறீர்கள் என்றால் ஃப்ளஷ்=ட்ரூ சேருங்கள், இல்லாவிட்டால் வரிகள் உடனே வராமல் மொத்தமாகத் தாமதித்து வரும்.

தோட்டத்துக்குக் கொண்டுபோகும் முன் வீட்டு மேசையிலேயே பென்டிரைவை உருவிப் பாருங்கள், ஓடும்போதே கேமரா ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று மின்னல் வர வேண்டும். வராவிட்டால் ஸ்கிரிப்டை இங்கேயே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.