துபாய் வீட்டுக் கடனும் பெருமாநல்லூர்த் தோட்டமும்

கேள்வி: என் மகன் ஆறு ஆண்டுகளாகத் துபாயில் பொறியாளராக இருக்கிறான். சம்பளம் மாதம் 18,000 திர்ஹாம். கட்டி முடித்த அடுக்குமாடி வீடு ஒன்றை 12 லட்சம் திர்ஹாமுக்குப் பேசியிருக்கிறான். அங்குள்ள வங்கி 80 சதவீதம் கடன் தருமாம். மீதிப் பணத்துக்குப் பெருமாநல்லூரில் உள்ள எங்கள் மூன்று ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கலாம் என்று இருக்கிறேன். பணம் போடுவதால் என் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள் வீட்டில். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் மகன் வீடு வாங்கட்டும். தோட்டத்தை அடமானம் வைப்பதும், உங்கள் பெயரைச் சேர்ப்பதும் வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் உங்கள் பெயர். வெளிநாட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினரோடு சேர்ந்து அங்கே வீடு வாங்க, இந்தியாவில் வசிப்பவருக்கு நம் அந்நியச் செலாவணி விதிகளில் இடம் உண்டு. ஆனால் கடன் போட்டு வாங்கும் வீட்டில் பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரையும் கடன்தாரர்களாகக் கையெழுத்திடச் சொல்வதுதான் வங்கிகளின் வழக்கம். இங்கே வசிக்கும் ஒருவர் வெளிநாட்டு வங்கியில் கடன் வாங்குவது, விதிகளில் குறிப்பிட்டுச் சொன்ன சில சூழல்களைத் தவிர, பொதுவாகத் தடை செய்யப்பட்டது. வீடு வாங்குவது அந்தச் சூழல்களில் ஒன்றன்று. மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதோடு, வெளிநாட்டு வீட்டில் பங்கு வந்துவிட்டால் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். பிடிமானத்துக்காகச் சேர்க்கும் பெயர் உங்கள் தலைக்குத்தான் சுமையாகும்.

அடுத்தது தோட்டம். வங்கியில் எல்.ஆர்.எஸ். என்று சொல்லும் திட்டத்தில், ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டில் சொத்து வாங்குவதற்காக இப்படி அனுப்பும் பணத்துக்கு வங்கிகள் எவ்வகைக் கடனும் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வேறு காரணம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் பகுதியில் தோட்டத்துப் பத்திரம் வங்கியில் இருப்பது புதிதன்று. தறி வாங்கவும், போர்வெல் போடவும், பனியன் கம்பெனிக்கு மிஷின் இறக்கவும் வைத்திருக்கிறோம், மீட்டும் இருக்கிறோம். அந்தக் கடனுக்கான வரும்படி இதே ஊரில், இதே ரூபாயில் வந்தது. இந்த வீட்டுக்கோ கடனும் திர்ஹாமில், அதைக் கட்டும் மகனின் சம்பளமும் திர்ஹாமில். 1997 முதல் திர்ஹாமின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கும்போதெல்லாம் திர்ஹாம் கடன் ரூபாய்க் கணக்கில் ஏறும். மகன் துபாயில் சம்பாதிக்கும் வரை அது அவரைத் தொடாது. வேலை போய் ஊர் திரும்பினால், அதே தவணையை ரூபாயை மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். அங்கே தங்கும் விசாவும் பெரும்பாலும் வேலையோடுதான் கட்டுண்டிருக்கிறது. கடன் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டு வருமானமே அதைச் சுமக்க வேண்டும்.

கட்ட முடியாவிட்டால் விமானம் ஏறி வந்துவிடலாம் என்ற பேச்சு இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, துபாய் நீதிமன்றம் தரும் பணத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். நீங்கள் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால் தோட்டம் அதற்குள் வரும். அது பூர்வீகச் சொத்தாக இருந்தால், நீங்கள் கையெழுத்திடாவிட்டாலும், மகனின் பங்கு வரக்கூடும்.

இனிக் கணக்கு. அங்கே குடியிருந்து வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு, முதல் வீட்டின் மதிப்பு 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால், அதிகபட்சம் 80 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது அந்நாட்டு மத்திய வங்கியின் வரம்பு. தவணைக் காலம் 25 ஆண்டுக்கு மேல் போகாது. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. 9,60,000 திர்ஹாம் கடனுக்கு 5 சதவீத வட்டி என்று வைத்தால், 25 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 5,600 திர்ஹாம். கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்ந்து 9,000க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் சில ஆண்டுகளுக்கு நிலையான வட்டி, பிறகு சந்தையைப் பொறுத்து மாறும் வட்டி என்பது அங்கே பரவலான முறை. மாறிய பின் தவணை எவ்வளவு ஏறலாம் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

முன்பணம் 2,40,000. இதற்கு மேல் துபாய் நிலத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 48,000. தரகு வழக்கமாக 2 சதவீதம், 24,000. அடமானப் பதிவுக்குக் கடன் தொகையில் 0.25 சதவீதம், 2,400. ஆக 3,14,400 திர்ஹாம் கையிலிருந்து போகும். திர்ஹாமை 24 ரூபாய் என்று வைத்தாலே 75 லட்சம் ரூபாய். இதில் பெரும்பங்கு மகனின் ஆறு ஆண்டுச் சேமிப்பிலிருந்து வர வேண்டும். வராவிட்டால், இரண்டு ஆண்டு பொறுத்து வாங்குவதில் குறைவொன்றும் இல்லை.

உதவ மனமிருந்தால், வைப்புத் தொகையில் உள்ள சொந்தப் பணத்தை மகனுக்கு அன்பளிப்பாக அனுப்புங்கள். நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரி பிடிக்கும். 40 லட்சம் அனுப்பினால் 6 லட்சம். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிகுந்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

கடனுக்கு வங்கியின் முன்னனுமதிக் கடிதம் வருமுன் மகன் விற்பவருக்குக் காசோலை எதுவும் கொடுக்க வேண்டாம். பேசிய விலை, தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலை இரண்டில் எது குறைவோ, அதற்குத்தான் வங்கி கடன் தரும். அவர் 11 லட்சம் என்று எழுதினால் கடன் 8,80,000 ஆகி, மேலும் 80,000 திர்ஹாமை மகன் தேட வேண்டிவரும்.