கேட் எடிட்டரில் சிவப்புக் கோடு வரவில்லை

வணக்கம் கோத்தகிரி நண்பரே. டெபியன் லினக்ஸில் கேட் (Kate) என்ற உரை எடிட்டர் திறக்கிறது, ஆனால் தமிழில் தப்பாக அடித்தாலும் சிவப்புக் கோடு வரவில்லை என்கிறீர்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க, பரிந்துரைப் பொதிகளை (கட்டாயமில்லாத துணை மென்பொருள்களை) தவிர்த்து நிறுவினீர்கள் அல்லவா, காரணம் அதுதான். எழுத்துப் பிழை பார்க்கும் 'சானெட்' (sonnet) பிளகின்ஸ் பொதி கட்டாயப் பட்டியலில் இல்லை, பரிந்துரையில்தான் இருக்கிறது.

கேட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள், டேட்டா வீண். மென்பொருள் நிறுவும் சினாப்டிக் (Synaptic) செயலியில் கேட்டின் பண்புகளைத் திறந்து, சார்புகள் பக்கத்தில் 'ரெகமண்ட்ஸ்' (Recommends, பரிந்துரை) என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அதில் உள்ள சானெட்டை நிறுவுங்கள், அப்புறம் தமிழ் அகராதிக்கு 'ஆஸ்பெல்-டிஏ' (aspell-ta) பொதியையும் நிறுவுங்கள். குன்னூரில் மூடுபனி இறங்கி சிக்னல் ஒற்றைக் கோடாக நின்றபோதே எனக்கு இரண்டும் இறங்கிவிட்டன. கேட்டை மூடித் திறந்து, கருவிகள் மெனுவில் தானியங்கிப் பிழைச் சோதனையை இயக்கி, அகராதியைத் தமிழுக்கு மாற்றுங்கள். வராவிட்டால் எழுதுங்கள், பார்ப்போம்.