அம்மாவின் முகத்தைக் கேட்கும் போன்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 14 வயது. டிசம்பரில் அவளுடைய இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் கணக்குகள் இரண்டும் போய்விட்டன. வயதைச் சரிபார்க்க முகம் காட்டச் சொல்கிறதாம். "நீங்க ஒரு நிமிஷம் கேமராவைப் பாருங்கம்மா, போதும்" என்று தினமும் கெஞ்சுகிறாள். மதுரையில் இருக்கும் என் அக்கா மகளோடு பேச்சே நின்றுவிட்டது என்று அழுகிறாள். முகம் காட்டினால் எனக்கு அபராதம் வருமா?
- வாசகி, வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: வராது, பயப்படாதீர்கள். 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த சமூக ஊடகத் தடைச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. தவறினால் அவர்களுக்குத்தான் 4 கோடியே 95 லட்சம் டாலர் வரை அபராதம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தண்டனை எதுவும் இல்லை.

ஆனாலும் முகத்தைக் காட்டாதீர்கள், தங்கச்சி. நீங்கள் காட்டினால் அந்தக் கணக்கு நாற்பது வயதுப் பெண்ணின் கணக்காகிவிடும். பதின்வயதினர் கணக்கு என்றால் முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, படங்களை எல்லோரும் பார்க்க முடியாது. பெரியவர் கணக்குக்கு அந்தக் காவல் எதுவும் தானாக வராது. தடைக்கு முன் இருந்ததைவிட மோசமான இடத்தில் உங்கள் கையாலேயே அவளைக் கொண்டுபோய் விடுவீர்கள்.

இந்தச் சட்டத்தின் மீது எனக்கும் மனக்குறை உண்டு. 2024 நவம்பரில் மசோதா வந்தபோது, கருத்துச் சொல்ல மக்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு நாள். அதற்குள்ளேயே சுமார் 15,000 மனுக்கள் குவிந்தன. இத்தனை பேர் பதறி எழுதியதை ஒரே வாரத்தில் எப்படிப் படித்து முடித்தார்கள்? பாஸ்போர்ட்டைக் கேட்பார்களோ என்று என்னிடமே பலர் கேட்டார்கள். அரசு அடையாள அட்டையை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்று பிறகு சேர்த்தார்கள். வயது பார்க்க வாங்கிய விவரங்களை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அந்த மட்டுக்கும் நல்லது.

சரி, அவள் அழுகைக்கு வருவோம். அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் ஒரு பையன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நண்பர்களின் போன் நம்பர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான். பதினொரு பேர். இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. "இவங்க நம்பர் எனக்குத் தெரியாது மிஸ்" என்றான். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாட்ஸ்அப் இந்தத் தடையில் வராது, மதுரை நம்பரும் உங்களிடமே இருக்கிறது. இந்த ஞாயிறு நீங்களே வீடியோ கால் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் மாலை 5 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே காலை 11.30, லீவு நாளில் அந்தப் பெண் எழுந்திருப்பாள்.