காசு கட்டியும் பாட்டுத் தெளிவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் போனில் பாட்டுக் கேட்பது பற்றிய கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

ஸ்பொட்டிபைக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன். விளம்பரம் நின்றதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றுகிறார்களா?
– புடவைக்கடை ஊழியர், ஹட்டன்

ஏமாற்றவில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தரம் செட்டிங்ஸுக்குள் பூட்டிக் கிடக்கிறது. செயலியில் செட்டிங்ஸைத் திறந்து ஒலித்தரம் என்ற பகுதிக்குப் போங்கள். வைபையில் கேட்பதற்கு, மொபைல் டேட்டாவில் கேட்பதற்கு, டவுன்லோட் செய்வதற்கு என்று மூன்று இடங்கள் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை மாறாது, மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

'லோ' என்றால் வினாடிக்கு 24 கிலோபிட் (ஒரு வினாடிப் பாட்டுக்குப் போகும் டேட்டா அளவு, எண் கூடினால் தெளிவும் கூடும்). 'நோர்மல்' 96, 'ஹை' 160, 'வெரி ஹை' 320. இலவசமாகக் கேட்பவருக்கு போனில் 160 வரை கிடைக்கும். ஆகவே காசு கட்டிவிட்டு 'நோர்மலில்' கேட்பவர், ஒரு சதமும் கட்டாமல் 'ஹையில்' கேட்பவரைவிடக் குறைந்த தரத்தையே கேட்கிறார். 'ஓட்டோமெட்டிக்' என்று விட்டிருந்தால் சிக்னலைப் பார்த்துச் செயலியே தரத்தைக் கூட்டும், குறைக்கும். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டங்களில் அது பெரும்பாலும் குறைத்தே வைத்திருக்கும்.

டேட்டாக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 96 இல் 43 எம்பி, 160 இல் 72 எம்பி, 320 இல் 144 எம்பி போகும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் 320 இல் கேட்டால் மாதத்துக்கு எட்டரை ஜீபிக்கு மேல். அதனால் மொபைல் டேட்டாவுக்கு 'ஹை', வைபைக்கும் டவுன்லோடுக்கும் 'வெரி ஹை' என்று வையுங்கள். 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முன்னரே டவுன்லோட் செய்த பாட்டுகள் பழைய தரத்திலேயே கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அப்பிள் மியூசிக்கில் 'லொஸ்லெஸ்' (ஒலியில் எதையும் வெட்டாத முழுத்தரம்) மேலதிகக் கட்டணம் இல்லாமல் வருகிறது. ஐபோனும் புளூடூத் இயர்பட்ஸும் வைத்திருக்கிறேன். போடலாமா?
– பண்டாரவளை

வேண்டாம். ஐபோன் எதையும் ஏஏசி போன்ற முறையில் சுருக்கித்தான் புளூடூத்தில் காதுக்கு அனுப்பும், லொஸ்லெஸ் அதில் போகாது. டேட்டா மட்டும் மூன்று நான்கு மடங்கு போகும்.

புதுப் போனில் இயர்போன் துளை இல்லை. 450 ரூபாவுக்கு டைப்-சி கன்வேர்ட்டர் வாங்கினேன். மாட்டினால் போன் ஸ்பீக்கரிலேயே பாட்டு வருகிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.
– மாணவர், பதுளை

தம்பி, கன்வேர்ட்டர் பழுதில்லை, உங்கள் போனுக்கு ஒத்துவராத வகை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் வயர். போனே பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றி டைப்-சி துளை வழியாக வெளியே விட்டால்தான் அது வேலை செய்யும். பல போன்கள் அப்படி விடுவதில்லை. மற்ற வகையின் தலைப்பகுதிக்குள் 'டெக்' என்ற சிறு சிப் இருக்கும், மாற்றும் வேலையை அதுவே செய்யும். பெட்டியில் 'டெக்' என்றோ, 24 பிட், 48 அல்லது 96 கிலோஹேர்ட்ஸ் என்றோ போட்டிருந்தால் இந்த வகை. ஒன்றுமே போடாத மலிவானது பெரும்பாலும் வெறும் வயர். இந்த வித்தியாசம் தெரியாமல் நானும் இரண்டு வாங்கிக் காசை விட்டிருக்கிறேன்.

உங்கள் போனை எடுத்துப்போய், கடையிலேயே மாட்டி ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். எந்தப் போனுக்கு என்று கேட்டு, 'சரிவரும்' என்று சொல்லி விற்றிருந்தால் மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் பொறுப்பு. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பேஸ்புக்கில் 'லைஃப்டைம் பிரீமியம் 2,500 ரூபா' என்று ஒருவர் போட்டிருந்தார். மகளுக்காக வாங்கினேன். எங்கள் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கினார். இரண்டு மாதத்தில் பிரீமியம் நின்றுவிட்டது, அவர் போன் எடுப்பதில்லை.
– ஆசிரியை, தலவாக்கலை

டீச்சர், இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெட்கப்பட வேண்டியவர் அவர்.

ஆயுள் முழுவதற்கும் என்று ஸ்பொட்டிபை எதுவும் விற்பதில்லை. இப்படி விற்பவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் வரை சேரக்கூடிய குடும்பத் திட்டம் ஒன்றை எடுத்து, ஊர் பேர் தெரியாத ஐந்து பேரை அதில் சேர்த்துவிடுவார்கள். அவர் கட்டணத்தை நிறுத்தினாலும், வீட்டு முகவரி பொருந்தவில்லை என்று கம்பனி கண்டுபிடித்தாலும் எல்லோரும் இலவசத் திட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். 'மொட்' செய்த செயலியைப் போனில் ஏற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதை உடனே அழிக்க வேண்டும். யாரோ திருத்திய செயலிக்குள் உங்கள் பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள்.

இப்போது காசைவிட அவசரம் பாஸ்வேர்ட். அதையே ஈமெயிலுக்கும் வைத்திருந்தால் முதலில் ஈமெயிலில் மாற்றுங்கள். பிறகு ஸ்பொட்டிபையில் மாற்றி, இணையத்தளத்தில் கணக்குப் பக்கத்துக்குப் போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். மகள் சேர்த்து வைத்த பாட்டுகள் அப்படியே இருக்கும், புதுக் கணக்குத் தேவையில்லை.

அடுத்தது காசு. விளம்பரம், அவரோடு பேசிய வட்ஸ்அப், வங்கிச் சிட்டை எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. இந்த வாரமே எழுதுங்கள்.

டவுன் கடையில் 32 ஜீபி கார்டில் 5,000 பழைய பாட்டுப் போட்டுத் தந்தார்கள். எல்லாம் '320' தரமாம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் கேட்பதைவிட மோசமாக இருக்கிறதே?
– தோட்ட உத்தியோகத்தர், மஸ்கெலியா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் இந்த '320' என்ற சொல்லை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு வெகுநாள் மனக்குறை.

முதலில் கணக்கு. நாலரை நிமிடப் பாட்டு 320 இல் கிட்டத்தட்ட 11 எம்பி வரும். 5,000 பாட்டுக்கு 54 ஜீபி. 32 ஜீபி கார்டுக்குள் அது நுழையவே நுழையாது. உங்கள் கார்டில் ஒரு பாட்டுக்குச் சராசரியாக 6 எம்பிதான் இடம். அதாவது சொன்ன எண்ணே பொய். காப்புரிமை இல்லாமல் பிரதிபண்ணி விற்பது என்பதால் பில்லும் தரமாட்டார்கள், பிறகு போய்க் கேட்கவும் முடியாது.

இரண்டாவது, கோப்பு உண்மையிலேயே 11 எம்பி இருந்தாலும் நம்ப முடியாது. தேய்ந்த கசெட்டிலிருந்து கணினிக்கு எடுத்து, 128 இல் சுருக்கி, பிறகு யாரோ அதையே 320 ஆக மாற்றியிருப்பார்கள். ஒருதரம் சாயம் இறக்கிய தேயிலைத் தூளைப் பெரிய கேத்தலில் போட்டு மறுபடி கொதிக்க வைத்தால் சாயம் ஏறுமா? 128 இல் சுருக்கும்போது ஏறத்தாழ 16,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள மிகக் கீச்சான ஒலிகளை வெட்டி எறிகிறார்கள், அதற்குக் கீழேயும் நுணுக்கங்கள் போய்விடுகின்றன. போனது திரும்ப வராது.

காதாலேயே பிடிக்கலாம். சலங்கை, ஜால்ரா, பாடகியின் 'ஸ' ஆகிய மூன்றையும் இயர்போனில் கவனியுங்கள். ஜால்ரா தட்டியபின் நீண்டு ஓய வேண்டும். கெட்டுப்போன கோப்பில் அது தண்ணீருக்குள் தட்டியதுபோல் குழம்பிக் கலங்கும். கணினி இருந்தால் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போடுங்கள். பாட்டு ஒரு வண்ணப் படமாகத் தெரியும். 16 கிலோஹேர்ட்ஸில், அதாவது அதே 16,000 ஹேர்ட்ஸில், கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நின்றால் அது 128 இலிருந்து ஊதிப் பெருக்கியது. பழைய ஒலிப்பதிவு என்பதாலும் மேற்பகுதி மெலிந்திருக்கலாம், ஆனால் அது படிப்படியாக மங்கும், நேர்கோடாக வெட்டுப்படாது.

ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் பழைய பாட்டு விடயத்தில் கவனம் வேண்டும். ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் கிடக்கும். மூல அல்பத்தில் ஒன்று, 'ஹிட்ஸ்' தொகுப்புகளில் சில. சிலதில் நாடா வேகம் கூடி குரல் கீச்சென்று இருக்கும். சிலதில் மோனோ பாட்டை, அதாவது இரு காதிலும் ஒன்றாகவே கேட்கும் பாட்டை, போலி ஸ்டீரியோவாக்கி, ஒரு காதில் மத்தளமும் மறு காதில் வயலினுமாகப் பிய்த்திருப்பார்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று பாடகரின் மூச்சையே எடுத்துவிட்ட பதிவுகளும் உண்டு. நாலையும் திறந்து முதல் 30 வினாடியைக் கேட்டு, குரல் நடுவில் நிற்கும் பதிவைத் தெரிந்தெடுங்கள். லேசான இரைச்சல் இருந்தால் பரவாயில்லை. மோனோ குறையே அல்ல. இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்ட காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் நம் காதுக்கு எதுவும் வந்ததில்லை. ஆனாலும் குரல் நின்றது. இசைத்தட்டிலிருந்து நேரே வந்தது, இடையில் நாலு பேர் சுருக்கிப் பிழியவில்லை.

கடையில் இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். விலை கூடியதுதான் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அப்படியில்லை.
– நுவரெலியா

கடையில் அது கூடுதல் சத்தமாக இருந்திருக்கும். இரண்டு ஒலிகளில் சற்றுச் சத்தமானதைத்தான் காது 'நல்லது' என்று எடுக்கும். அடுத்த முறை உங்கள் போனையே கொண்டுபோங்கள். ஈக்குவலைசரை நிறுத்திவிட்டு, ஒரே பாட்டை இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை சரிசெய்து ஒப்பிடுங்கள். ஒரு செயலியைவிட இன்னொன்று நல்லது என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். சேவைகள் பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் அளவு வேறுவேறு. அந்த 'நோர்மலைசேஷனை' இரண்டிலும் நிறுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பெரிய கம்பனிப் பெயர் போட்ட இயர்பட்ஸ், 1,800 ரூபா, பஸ் நிலையத்தில் வாங்கினேன். இது மூன்றாவது. மாதம் ஒன்று போகவில்லை, ஒரு பக்கம் செத்துவிட்டது. எந்தக் கம்பனி நல்லது?
– கம்பளை

மூன்றையும் அந்தக் கம்பனி செய்யவில்லை. பில் இல்லை, வாரண்டி இல்லை, விற்றவர் நாளைக்கு அங்கே இருக்கவும் மாட்டார். 5,400 ரூபாவை இப்படி விட்டிருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு வாரண்டியோடு நல்ல வயர் இயர்போன் வாங்கியிருக்கலாம். முதல் தடவை ஏமாந்ததற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். மூன்றாவதற்குச் சொல்வேன்.

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும்போது பாட்டு விட்டுவிட்டு வருகிறது.
– கல்லூரி மாணவி

முதல்நாள் இரவே வைபையில் டவுன்லோட் செய்து, ரயில் ஏறியதும் 'ஒஃப்லைன்' போடுங்கள். ஸ்பொட்டிபையின் கட்டணத் திட்டத்தில் ஒரு சாதனத்துக்கு 10,000 பாட்டு வரை வைக்கலாம், 30 நாளுக்கு ஒருமுறை இணையத்தில் இணைத்தால் போதும். சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ளும் பாட்டு நிற்காது.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. பனி ஈரம் என்று நினைத்து இரவில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைக்கிறேன். சரிதானா?
– தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், லிந்துலை

உடனே எடுங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி. சூட்டில் ஊதும், தீப்பிடிக்கவும் கூடும். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், மாவு உள்ளே போகும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்தோடு இறுக மூடும் டின்னில் ஓர் இரவு வையுங்கள்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் குறைவது பெரும்பாலும் ஈரத்தால் அல்ல, காதுக்குறும்பியால். ரப்பரைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் அந்தச் சிறு வலையைப் பாருங்கள். மஞ்சளாக அடைத்திருந்தால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த மென்மையான டூத்பிரஷால் மெதுவாகத் தட்டித் துடையுங்கள், அழுக்கு வெளியே விழும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளைப் பாமசி ஸ்பிரிட் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடையுங்கள். பிறகு போனின் 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் இடது வலதுச் சத்தக் கோடு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பையில் கைபட்டு அது ஒரு பக்கம் நகர்ந்திருக்கவும் கூடும். இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் திறந்து பார்க்காமல் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். திறந்த தடம் தெரிந்தால் வாரண்டி தரமாட்டார்கள்.